ஒற்றை ரூபாய் சாட்சி

கல்யாணப் பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்தும் திருஞானத்தின் கண் இலைக்குப் போகவில்லை, வேட்டி மடிப்புக்குள் கிடந்த போனுக்குத்தான் போனது. பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்கு ஏலம் முடியும். முடியும் என்றால் அப்படியே முடிந்துவிடாது, கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலை ஏற்றிக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும், அதற்குள் இன்னொருவர் கேட்டால் மறுபடியும் ஐந்து, இப்படி நீட்டி நீட்டி மனுஷன் உயிரை எடுத்துவிட்டுத்தான் ஓயும். இப்போதைக்கு மேலே நிற்பது ஏலதாரர் 33, பதினோராயிரத்து ஐநூறு. 33 என்றால் அவர்தான். அந்தச் செயலியில் கேட்கிறவர்களுக்குப் பேர் கிடையாது, எண் மட்டும்தான், அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. பஸ் பணிமனை ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷமாக நட்டுக்கும் பேரிங்குக்கும் எண் எழுதி அடுக்குகிறவருக்குத் தனக்கும் ஓர் எண் விழுந்தது நியாயமாகவே பட்டது. விற்கிறவருக்கு மட்டும் பேர் உண்டு. திருமதி இந்திராணி பெரியநாயகம், புதுக்கோட்டை. அந்தப் பேர் வந்தால் திரையைச் சட்டென்று தள்ளிவிடுவார். "சார், இலைக்குத் தண்ணி தெளிச்சுக்கங்க" என்றான் பரிமாறுகிறவன். தெளித்தார், போன் மேலும் இரண்டு சொட்டு விழுந்தது, வேட்டியால் துடைத்தார், துடைத்ததில் திரை நகர்ந்து காசின் படம் பெரிதாக வந்து நின்றது. நகத்தளவு செம்பு. மாமூலான அம்மன் காசில் ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்று இருக்கும், சமஸ்தானத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு, ஊரில் பழைய வீடு இடித்தால் பத்தாவது கிடைக்கும். இது மாமூல் இல்லை. அடித்தவன் அன்றைக்குத் தூங்கி வழிந்திருக்க வேண்டும், முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் அடுத்ததை வைத்து ஓங்கிவிட்டான். அதனால் ஒரு பக்கம் அம்மன் மேடு, மறுபக்கம் அதே அம்மன் பள்ளம், இடம் வலம் மாறி. எழுத்தைக் காணோம். அந்தத் தூங்குமூஞ்சியின் காலில் விழலாம் என்று திருஞானத்துக்கு எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. காசுக்கு அடியில் விரித்திருந்த பச்சைத் துணியையும் அவருக்குத் தெரியும், ஓரத்தில் நீல மைக்கறை, டிராயிங் மாஸ்டர் பெரியநாயகத்தின் மேசைத் துணி. அதன்மேல் முழங்கையை ஊன்றி எத்தனை ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் காசைக் கண்டுபிடித்தவர் அவர்தான், பெரியநாயகம் இல்லை. இதை யாரிடமும் சொல்லி நிரூபிக்க முடியாது, ஆனாலும் ஆறு வருஷமாக மனசுக்குள் நிரூபித்துக்கொண்டேதான் இருக்கிறார். கீழராஜ வீதிக்குப் பின்னால் பழைய பித்தளைக் கடை, சாக்கில் கொட்டி வைத்திருந்த செம்புச் சில்லறை, விரலால் அளைந்துகொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். கையில் அன்றைக்குப் பணம் இல்லை. நாளைக்கு வருகிறேன், தனியா எடுத்து வையுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நேரே பெரியநாயகத்திடம் போனார், போகாமல் இருந்திருக்கலாம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், ஆனால் இப்படியொரு காசைப் பார்த்துவிட்டு அவனிடம் சொல்லாமல் இருக்க முடியுமா, டீ ஆறுகிற வரைக்கும் சொன்னார், விரலால் மேசையில் வரைந்து காட்டினார். மறுநாள் கடைக்காரர், "வாத்தியார் காலையிலேயே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றார். பெரியநாயகம் மறைக்கவும் இல்லை. "நான் வாங்காட்டி தஞ்சாவூர்க்காரன் கொத்திக்கிட்டுப் போயிருப்பான். உனக்காகத்தாண்டா வாங்குனேன்" என்றான். உனக்காக என்றவன் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே. கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, "அவன் கேக்கவே இல்லையே, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்று இன்னொருவரிடம் சொன்னானாம். கேட்க வேண்டுமா, எனக்காக வாங்கியதை நானே போய்க் கேட்க வேண்டுமா, கேட்கமாட்டேன் என்று இவர், கேட்கட்டும் என்று அவன், நாணயச் சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார், அந்தத் தெருப் பக்கம் போவதை நிறுத்தினார், மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் சிறுநீரகம் கெட்டுச் செத்தபோது கேதத்துக்கும் போகவில்லை. அன்றைக்கு ஸ்டோரில் கணக்கெடுப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கணக்கெடுப்பு இருந்தது உண்மைதான். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்பதும் உண்மை. ஆறு வருஷமாகக் கேட்காததை இப்போது ஐநூறு ஐநூறாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவன் பெண்டாட்டியிடம், எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

அப்பளம் விழுந்தது. போன் அதிர்ந்தது. ஏலதாரர் 47, பன்னிரண்டாயிரத்து ஒன்று. வந்துவிட்டான். திருஞானத்துக்குக் காது சூடாகியது, இடது கட்டைவிரலால் பன்னிரண்டாயிரத்து ஐநூறு அழுத்தினார். இந்த 47, அப்புறம் 18, அப்புறம் 61, மூன்று பேரும் ஒரே ஆள். அவருக்கு இதில் சந்தேகமே கிடையாது. போன நாலு ஞாயிறும் இந்திராணி ஒவ்வொரு காசாகப் போட்டாள், நாலையும் எடுத்தவர் இவர், நாலிலும் இவரைக் கழுத்து வரைக்கும் ஏற்றிவிட்டு, கடைசி நேரத்தில் ஒதுங்கிக்கொண்டவை இந்த மூன்று எண்கள். இரண்டாயிரம் போகாத நாயக்கர் காசை ஐயாயிரத்து ஐநூறுக்குத் தலையில் கட்டினார்கள். பார்சல் அனுப்ப விற்கிறவருக்கு முகவரி போகும், ஆகவே எடுப்பது யார் என்று இந்திராணிக்குத் தெரியும், இந்த ஆள் விடமாட்டான், எவ்வளவு ஏற்றினாலும் ஏறுவான் என்றும் தெரியும், யாரோ தம்பி மகனை உட்கார வைத்து மூன்று கணக்குத் திறந்து ஏற்றிவிடுகிறாள். பார்சல்களில் ஒரு வரி எழுத்து இல்லை. பழைய டிராயிங் தாளில் சுற்றி, நூல் கட்டி, அவ்வளவுதான். ஒரு தாளில் பெரியநாயகம் பாதி வரைந்துவிட்டிருந்த யானை இருந்தது, முன்னங்கால் இரண்டும் தும்பிக்கையும் மட்டும். அதைக் கசக்கிப் போட மனசு வராமல் பீரோவில் வைத்திருக்கிறார், அது வேறு விஷயம். வியாழக்கிழமை ஏலக் கம்பெனிக்குப் புகார் எழுதினார். ஸ்க்ரீன்ஷாட் பதினேழு. ஸ்டோரில் திருட்டுப் போன டயரைக் கண்டுபிடித்த கையல்லவா, ஆதாரத்தைப் புட்டுப் புட்டு வைத்திருந்தார்: இரண்டாயிரத்து ஐநூற்று ஒன்று, மூவாயிரத்து ஒன்று, ஐயாயிரத்து ஒன்று, மூன்று எண்களும் கேட்ட எல்லா விலையும் ஒன்றில்தான் முடிகிறது, வெவ்வேறு ஆட்கள் இப்படி ஒரே மாதிரி யோசிக்கமாட்டார்கள், இந்த ஒற்றை ரூபாயே சாட்சி. அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், அவ்வளவு திருப்தி. ஞாயிறு ஏலம் முடியும் நேரத்தில் கூப்பிட்டு உறுதிசெய்துகொள்வோம் என்று பதில் வந்தது. உறுதி சொன்னால் விற்கிறவர் கணக்கை முடக்குவார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் விற்கிறாள் என்று கேள்வி. இருக்கட்டுமே, அதற்காக என்னை ஏமாற்ற வேண்டுமா, என்னிடம் ஒரு வார்த்தை... என்னிடம் எப்படி ஒரு வார்த்தை சொல்வாள், நான்தான் எட்டியே பார்க்கவில்லையே. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழக்கம்போல முரண்டு பிடித்து நின்றது, அதைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் பித்தளைக் கடைக்கே போனார்.

"ஞானம் அண்ணே! என்ன, சோத்தப் பெசையாம யோசன?" பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தது காதர். சின்னப்பா பூங்காப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை, நாணயச் சங்கத்தில் வயதில் இளையவர், நாற்பது இருக்கும். மெக்கானிக் செல்லக்கண்ணு மகள் கல்யாணத்துக்கு இவன் எங்கே வந்தான், ஊரில் பாதி மூக்கு இவன் கண்ணாடியைத்தான் சுமக்கிறது, எங்கேயும் வருவான். திருஞானம் ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தார். சங்கத்து ஆட்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் கூசுகிறது, ஏன் வரவில்லை என்று கேட்டுவிடுவார்களோ என்று. காதர் கேட்கவில்லை. அவரும் போனை இலைக்குக் கீழே செருகிக்கொண்டு சாம்பாருக்குக் குழி பறித்தார். சாம்பாரில் முருங்கைக்காய் நன்றாக வெந்திருந்தது, வாயில் போட்டதும் ருசி தெரியாமல் இறங்கியது. பதினொன்று ஐம்பத்தெட்டு. 47, பதினாலாயிரத்து ஒன்று. திருஞானம் பதினாலாயிரத்து ஐநூறு. நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலே தெரிகிறதோ என்று குனிந்து பார்த்தார். வாசல் பக்கம் மொய் எழுதும் மேசையில் மைக் வைத்திருந்தார்கள், காலையிலிருந்து ஓயாமல் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார், மழைச் சத்தத்தைப் போல அது காதில் விழாமலே விழுந்துகொண்டிருந்தது. திருவரங்குளம் மளிகைக்கடை ராசு, ஆயிரத்து ஒண்ணு. ஆலங்குடி ஓட்டுநர் சேவுகன், ஐநூத்தி ஒண்ணு. திருஞானமும் மொய் கொடுத்துவிட்டுத்தான் வந்தார், கவர் மூலையில் ஒரு ரூபாய் ஒட்டியே விற்கிறார்கள், எந்தக் கவர் வாங்கினாலும் அந்தக் காசைப் பிய்த்து வருஷமும் அச்சுச்சாலைக் குறியும் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டித்தான் கொடுப்பார், வீட்டில் அதற்கு ஒரு சிரிப்பு. இன்றைக்கும் பிய்த்தார், விசேஷம் இல்லை, ஒட்டினார், ஆயிரத்து ஒண்ணு. கீரனூர் பெரிய மாமா, ரெண்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணு. வெட்டன்விடுதி தாய்மாமன், ஐயாயிரத்து ஒண்ணு. வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. இரண்டாயிரத்து ஐநூற்று ஒன்று. ஐயாயிரத்து ஒன்று. வெவ்வேறு ஆட்கள் ஒரே மாதிரி யோசிக்கமாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தது எந்த மடையன்? இந்த மண்டபத்தில் ஐநூறு பேர் ஒரே மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒருவன் தானும்தான்.

பக்கத்தில் காதரின் கட்டைவிரல் இலைக்குக் கீழே ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. திருஞானம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார், நாகரிகம் இல்லைதான், பார்த்தார். பச்சைத் துணி. நீல மைக்கறை. மேடு அம்மன்.

"காதரு. நீ என்ன அந்தக் காசையா கேக்குற?"

காதர் திருடிய கையோடு அகப்பட்டதுபோல விழித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்டச் சொல்லலாமா கூடாதான்னு தெரியலண்ணே, உங்களுக்கும் வாத்தியாருக்கும் ஆகாதுன்னு... அவரு மவுத்துக்குத் துக்கம் கேக்கப் போனப்ப சங்கத்துலேர்ந்து ஒரு கவரு கொண்டு போனோம். அக்கா வாங்கல. கையில திருப்பித் திணிச்சுட்டாங்க, யாருகிட்டயும் வாங்குனதில்ல, இப்பவும் வேணாம்னு. சரி, காசு விக்கிறாங்கள்ல, ஆளுக்கு ஒண்ணா நல்ல வெலைக்கி எடுத்துருவோம், மொய்யின்னு வச்சுக்குவோம்னு பேசி வச்சோம். நானு, நடராசன் சாரு, தையக்கட மரியதாசு."

"மூணு பேரா."

"மூணு பேருதான். ஆனா ஒரு காசு கூட எங்க கைக்கி வரலண்ணே! எவனோ ஒருத்தன், முப்பத்தி மூணாம் நம்பரு, நாங்க எங்க போனாலும் அதுக்கு மேல போறான். நாங்க ஒத்த ரூபா குடுக்கல, அக்காவுக்கு நாங்க நெனச்சதுக்கு ரெண்டு மடங்கு வந்துருச்சு. எந்த ஊருப் புண்ணியவானோ, நல்லா இருக்கணும்." சொல்லிக்கொண்டே தட்டினார். "பதினாறாயிரத்து ஒண்ணு. இதாண்ணே கடேசி. இதுக்கு மேல போனா வீட்டுக்குப் போவ முடியாது."

திருஞானத்துக்குச் சிரிப்பு வந்தது. ஊர் கூடி மொய் வைக்க, பணம் இவர் பையிலிருந்து போயிருக்கிறது. கோபப்பட வேண்டிய இடம்தான். நாலு காசுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாசச் சம்பளத்தில் பெரும்பகுதி, நியாயமாகப் பார்த்தால் ஏமாந்துதான் போயிருக்கிறார், செய்தவன் பக்கத்தில் உட்கார்ந்து ரசத்துக்குக் கை ஏந்திக்கொண்டிருக்கிறான். ஆனால் கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. மூன்று பேர் பேசி வைத்திருக்கிறார்கள், அவனுக்காக, அவரிடம் மட்டும் சொல்லவில்லை, உங்களுக்கும் அவருக்கும் ஆகாது என்று. ஆகாதா. ஆகாது என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறதா. கட்டைவிரல் தானாகப் போய்ப் பதினாறாயிரத்து ஐநூறை அழுத்தியது, பழக்க தோஷம். "போச்சு!" என்றார் காதர் உற்சாகமாக. உடனே முகம் மாறியது. "என்னமோ பரிசீலனைன்னு வருதே. நின்னுருச்சுண்ணே ஏலம்." அந்த நேரத்தில்தான் திருஞானத்தின் போன் அடித்தது.

"வணக்கம், திருஞானம் சாருங்களா? ஏலக் கம்பெனிலேர்ந்து நிவேதா பேசறேன் சார். உங்க புகாருக்காக இந்த ஏலத்தை நிறுத்தி வெச்சிருக்கோம். நீங்க அனுப்பினதெல்லாம் பாத்தோம், ரொம்ப கரெக்டா எழுதியிருக்கீங்க. நீங்க கன்ஃபர்ம் பண்ணினா அவங்க அக்கவுன்ட்டை இப்பவே முடக்கிடலாம். நாலு காசுக்கும் உங்க பணம் திரும்பி வந்துடும்."

"வேண்டாம்மா" என்றார். எழுந்து போகலாம் என்றால் இருபக்கமும் ஆட்கள், மேசை இடுப்பில் இடித்தது. "வாபஸ் வாங்கிக்கறேன். என் மேலதான் தப்பு. அந்த ஒத்த ரூபா எங்க ஊருப் பக்கம் எல்லாரும் வைக்கிறது."

"ஓகே சார், வாபஸ்னா ஒரே ஒரு கேள்விதான், இது பதிவாகுது. ஃபார்ம்ல, விற்பவரைத் தெரியுமாங்கற இடத்துல தெரியாதுன்னு டிக் பண்ணியிருக்கீங்க. அது சரிதானே சார்? தெரிஞ்சவங்க ஏலம் கேக்கக்கூடாதுன்னு ரூல். தெரியும்னா நீங்க கேட்ட விலை கேன்சல் ஆகி அடுத்தவங்களுக்குப் போயிடும். தெரியாதுன்னா பிரச்சினையே இல்ல, காசு உங்களுக்குத்தான்."

தெரியாது. நாலு எழுத்து. டிக் அடித்தபோது யோசிக்கக்கூட இல்லை, எல்லா ஃபார்மிலும் எல்லாக் கட்டத்திலும் அடிப்பதுபோல அடித்தது, பக்கத்தில் ரசம் உறிஞ்சுகிறவரும் அதையேதான் அடித்திருப்பார். சொல்லிவிட்டால் முடிந்தது. புதன்கிழமை பார்சல் வரும், நூலை அறுத்தால் தாளுக்குள் அம்மன், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், விரலால் தடவிப் பார்க்கலாம், ஆறு வருஷம். அவனைத் தெரியாது. காசை ஓரத்தில் மட்டும் பிடிப்பான், அதன் முகத்தில் கை வைத்தால் அடிக்க வருவான். டீயில் சர்க்கரை போடாமல் வாங்கிவிட்டு எதிராளி டம்ளரில் ஒரு வாய் குடிப்பான், தித்திப்புக்கு. லென்ஸைக் கண்ணில் வைத்தால் வாய் திறந்துகொள்ளும். தும்மல் வந்தால் ஏழு, எண்ணிக்கொள்ளலாம். இவருடைய அப்பா இறந்தபோது பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பதினாறு நாளும் வந்தான், ஆறுதலாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது, சும்மா வந்து உட்கார்ந்து பழைய செய்தித்தாளில் யானை வரைந்துகொண்டிருந்தான். கடைசி மாதத்தில் எப்படி இருந்தான், இளைத்தானா, வலித்ததா, யாரையாவது கேட்டானா, அதெல்லாம் தெரியாது. அது மட்டும்தான் தெரியாது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"தெரியும்மா."

"சார்?"

"அவங்களத் தெரியும். இருபத்திரெண்டு வருஷமாத் தெரியும். அவங்க வீட்டுக்காரர் என் கூட்டாளி. செத்ததுக்கு நான் போகல." எதிர்வரிசையில் மோர் குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

பாவம், சின்னப் பெண்ணாக இருக்கும். "சாரி சார்" என்றாள். "தெரியும்னு மட்டும் போட்டுக்கறேன் சார்." வைத்துவிட்டாள்.

காதரின் போன் டிங் என்றது. "அண்ணே! எனக்கு விழுந்துருச்சு! பதினாறாயிரத்து ஒண்ணு! அந்த முப்பத்தி மூணு ஓடிப் போயிட்டாண்ணே!" சந்தோஷமும் திகிலும் ஒரே முகத்தில் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. திரும்பியவர் திருஞானத்தின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். போனைத் திரும்பிப் பார்த்தார், மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"நாலு காசுமாண்ணே?"

"ம்."

பாயசம் வந்தது, இருவரும் வேண்டாம் என்று கையை விரித்தார்கள். திருஞானம் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார், சாம்பார் பட்ட இடம் பட்டு எரிந்தது. இலையை மடித்தார்.

"வண்டி கொண்டாந்திருக்கியா காதரு? இந்திராணி தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விடு. கேதம் கேக்கணும்."

"கல்யாண வீட்லேர்ந்து நேராவா?" காதர் பதறினார். "அப்பிடி யாரும் போக மாட்டாங்கண்ணே. நாளைக்குப் போவோம்."

"மூணு மாசம் போகாமலும்தான் யாரும் இருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, மேசையை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு எழுந்தார் திருஞானம்.